திருவாதிரைச் சீட்டில் இரண்டாம் வரிசை

மேற்கு மாரெட்பள்ளி, செகந்திராபாத்
4 நவம்பர் 2024

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் அபிகாயிலுக்கு,

மாரெட்பள்ளி மொட்டைமாடிச் சமஸ்தானத்தின் ஏக அதிபதியும், தண்ணீர்த்தொட்டி யுத்தத்தில் இருநூறு குரங்குகளைத் தனியொருவனாகப் புறமுதுகிட வைத்தவனும், முழங்கால் வலி ஒன்றை மட்டும் இன்னும் வெல்ல முடியாதவனுமாகிய கிதியோன் மாமா எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் நானும் உன் அத்தை அன்னம்மாளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஜூடித்தும் சுகமா? போன மாதம் வந்த சளி உன்னை விட்டதா?

எதிர்த்தெருவில் புதிதாக ஒரு ஃபங்க்ஷன் ஹால் முளைத்திருக்கிறது. அதன் விளக்கு வெளிச்சத்தில் அத்தை ராத்திரியிலும் வடகம் காயப்போடலாம். முந்தாநாள் ஒரு காகம் விடிந்துவிட்டதென்று நம்பி எழுந்து கரைந்து, மணியைக் கேட்டதும் வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விட்டது. இத்தனை வெளிச்சத்தையும் கிழித்துக்கொண்டு திருவாதிரையைப் பார்க்கிறவன் உன் மாமன்.

நம் வானநோக்கர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பொடியன்கள், வாட்ஸப் இருக்கும்போது மாத ஒளிக்கணக்குச் சீட்டை ஏன் தபாலில் அனுப்ப வேண்டும் என்று சிரிக்கிறார்களாமே? அவர்களிடம் சொல். குழுவில் ஒருத்தன் 0.5 என்று போட்டால் போதும், மற்ற ஒன்பது பேருடைய கண்ணும் 0.5 என்றே பார்க்கும். நட்சத்திரத்தின் ஒளியைக் கண்ணால் மதிப்பிடுகிறவன் அடுத்தவன் எண்ணைக் காதால் கேட்கக் கூடாது. ஒட்டிய உறைக்குள் இருக்கும்வரைதான் கண்ணுக்கு மானம்.

அக்டோபர் சீட்டு உள்ளே இருக்கிறது. வழக்கம்போல இரண்டு வரிசை. மேலே நான், கீழே என் பிள்ளை பிளஸ்ஸன்.

ஜூடித்தின் இரண்டு கன்னத்துக்கும் தலா ஆயிரம் முத்தங்களுடன்,
மாமா


பாளையங்கோட்டை
16 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஆண்டவர் இரக்கத்தால் மூவரும் சுகம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் கல்லூரிக்குக் கூடவே வந்து எனக்கு முன்னால் வகுப்பெடுக்கிறது. அத்தையின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

மாமா, எழுத வராததை எழுதுகிறேன். பிளஸ்ஸன் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. நான்கே நாள் டெங்குக் காய்ச்சல். போன வருஷம் செப்டம்பரில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் நின்றேன். அதற்குப் பிறகும் மாதாமாதம் உங்கள் சீட்டில் அவன் வரிசை வருகிறது. முதல் மாதம், அவன் முன்பே எழுதி வைத்தது என்று நினைத்தேன். இரண்டாம் மாதம் புரிந்தது. புரிந்தும் வட்டத்தின் பதிவேட்டில் ஏற்றினேன். அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்க்க எனக்கும் தைரியமில்லை. ஆகவே பாதித் தப்பு என்னுடையது.

இனி முடியாது. புனேயில் ராகவேந்திரா என்று ஓர் ஆய்வாளர். ஒரே மாடியில், ஒரே நேரத்தில், ஒரே நட்சத்திரத்தைப் பார்த்த வயதான கண்ணும் இளங்கண்ணும் எப்படி வேறுபடுகின்றன என்று கட்டுரை எழுதுகிறார். நம் பதிவேட்டில் உங்கள் இருவர் வரிசையையும் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிக்கிறார். பிப்ரவரிக்குள் கொடுக்க வேண்டும். இறந்தவன் பெயரில் எண்கள் இருப்பது பின்னால் தெரிந்தால், 2012 டிசம்பரிலிருந்து அவன் உண்மையாகப் பார்த்ததையும் சேர்த்துத் தூக்கி எறிவார்கள். அவனுடையதாக மிச்சம் இருப்பது அதுதானே, மாமா?

எனக்கு ஒரு தேதி மட்டும் வேண்டும். பிளஸ்ஸன் தன் கண்ணால் கடைசியாகப் பார்த்து எழுதிய தேதி. அதற்குக் கீழே கோடு போட்டுவிட்டால் மேலே உள்ளது பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் இருவருக்காகவும் தினமும் முழங்காலில் நிற்கும்,
அபி


மேற்கு மாரெட்பள்ளி
28 நவம்பர் 2024

சகல சாஸ்திர பண்டிதையும் பாளையங்கோட்டைப் பிள்ளைகளுக்கு இயற்பியல் புகட்டும் வீராங்கனையுமான மருமகளுக்கு,

சுகம், சுகம், மும்முறை சுகம். அத்தையின் ரத்த அழுத்தம் என் ரத்த அழுத்தத்தைக் கேலி செய்யும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்ந்த பழங்களை ஊறவைத்துவிட்டாள். அந்த ஜாடியைத் திறந்தால் நான்காவது தெருவரைக்கும் நாய்கள் தள்ளாடுகின்றன.

கீழ்வீட்டு சாய்குமார் நேற்று மாடிக்கு வந்தார். "அங்கிள், நா நட்சத்திரம் ஆருத்ரா. நீங்க டெய்லி பாக்கறீங்களே, அது கொஞ்சம் டல்லா இருந்தா எனக்கு அப்ரைசல் ஊடுமா, போயிடுமா?" என்று கேட்டார். நம் திருவாதிரைதான் தெலுங்கில் ஆருத்ரா. "தம்பி, அது வெடித்தால் உங்கள் கம்பெனியே இருக்காது, அப்ரைசலைப் பற்றி என்ன கவலை?" என்றேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கும்பிடுகிறார்.

உன் கடிதம் வந்தது. வழியில் தபால் பைக்குள் மழை புகுந்திருக்கிறது போலும். எல்லாப் பத்தியும் முத்து முத்தாக இருக்க, "எழுத வராததை எழுதுகிறேன்" என்ற இடத்திலிருந்து மட்டும் மை கரைந்து ஓர் எழுத்தும் புரியவில்லை. தபால்துறையை மன்னித்துவிடு.

நவம்பர் சீட்டு உள்ளே. இரண்டு வரிசை.

அண்டசராசரமும் உன்னை வாழ்த்த,
மாமா


பாளையங்கோட்டை
7 டிசம்பர் 2024

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் அத்தையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

மை கரைந்த பத்தியை இந்தத் தாளில் கொட்டை எழுத்தில் மறுபடி எழுதியிருக்கிறேன். இது கரையாத மை.

இன்னொன்றும் சொல்கிறேன். நேற்று இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய வருஷங்களில் அவன் உங்களைவிட நட்சத்திரத்தை மங்கலாகத்தான், அதாவது எண் கூடுதலாகத்தான் பார்த்தான். ஆனால் ஒரு நாள் 0.1 வித்தியாசம், ஒரு நாள் 0.3, சில நாள் ஒன்றுமே இல்லை, ஒரு நாள் உங்களைவிடப் பிரகாசமாகவே பார்த்துவிட்டான். பார்க்கிறவன் எண் அப்படித்தான் தள்ளாடும். இப்போது வருகிற வரிசையில் எல்லா இரவும் சரியாக 0.2. உங்கள் எண்ணோடு 0.2 கூட்டினால் அவன் எண். தப்பே இல்லாததால்தான் மாமா இது தப்பென்று தெரிகிறது.

தேதியை மட்டும் எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

அபி


மாரெட்பள்ளி
19 டிசம்பர் 2024

அன்பான அபிக்கு அத்தை எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆச்சு. உன் மாமா அன்றையிலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பயமாயிருக்கிறது. கேரல் பாட்டுப் பாடி ரவுண்டு வந்த பிள்ளைகள், அங்கிள் குரங்குக் கதை சொல்லுங்க என்று சுற்றி நின்றார்கள். குரங்கெல்லாம் போயிடுச்சுப்பா என்று சொல்லி உள்ளே வந்து படுத்துவிட்டார். கேக்கை வாயில் வைத்துப் பார்த்து நல்லாயிருக்கு என்றார். வேறு வருஷம் என்றால் அதற்கு ஒரு மணி நேரம் பேசுவார்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, அபி. பிறகு யோசித்தேன். யாராவது கேட்டுத்தான் ஆகணும். நான் கேட்கவில்லை. பிளஸ்ஸன் ஆபீஸ் பக்கம் கொண்டாப்பூரில் ரூம் எடுத்துக்கொண்டு போனது ட்ராஃபிக்குக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். உனக்கும் அதையே சொன்னேன். மீதி அவர் வாயால் வரட்டும்.

மாத்திரை போடுகிறேன். குழந்தைக்குக் குளிரில் ஸ்வெட்டர் போடு.

அத்தை


[அஞ்சலட்டை]
28 டிசம்பர் 2024

மருமகளே, சுகம். நீ கேட்ட தேதி: 27 ஆகஸ்ட் 2023. விடியற்காலை நாலரை மணி. நானும் அவனும் மாடியில்தான் நின்றோம். அப்படி ஒரு தெளிந்த வானம் ஆதாமுக்குப் பிறகு யாருக்கும் வாய்த்ததில்லை. கோடு போட்டுவிடு. புத்தாண்டு வாழ்த்து. மாமா.


பாளையங்கோட்டை
6 ஜனவரி 2025

அன்புள்ள மாமா,

புத்தாண்டு ஆசீர்வாதமாக இருக்கட்டும். இருவரும் சுகமாக இருங்கள்.

2023 ஆகஸ்ட் 27 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் ஜூடித்துக்கு ஞானஸ்நானம். பிளஸ்ஸன் சனிக்கிழமையே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டான். நீங்கள் முழங்கால் வலி என்று வரவில்லை. ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு அவன் எங்கள் முன்னறையில் பாய்விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பால் காய்ச்ச எழுந்த நான் அவனைத் தாண்டித்தான் போனேன்.

அன்று மத்தியானம் அவனிடம் கேட்டேன், "என்ன பிளஸ்ஸா, திருவாதிரை எப்படி இருக்கு?" என்று. "அதெல்லாம் டாடி டிபார்ட்மென்ட், மைனி. இன்னும் ரெண்டு மட்டன் பீஸ் போடுங்க" என்றான். அந்த மாதச் சீட்டிலும் அவன் வரிசை வந்திருந்தது. அப்போதே நான் மேலே கேட்டிருக்க வேண்டும். மட்டன்தான் போட்டேன்.

நான் உங்களைப் பிடித்துக் கொடுக்க எழுதவில்லை. அவன் பார்த்ததைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன். எவ்வளவு பழைய தேதியாக இருந்தாலும் எழுதுங்கள்.

அபி


மாரெட்பள்ளி
19 ஜனவரி 2025

அன்புள்ள அபிகாயிலுக்கு,

நானும் அத்தையும் சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

தேதி: 9 ஜனவரி 2022. ஞாயிறு, இரவு எட்டு மணி. அவன் போவதற்கு இருபது மாதம் முன்னால்.

அந்தச் சங்கராந்தி வாரத்தில் இங்கே மழை. பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை மாடிக்குப் போனோம். வானம் முழுக்க நனைந்த கம்பளி. அவனுக்கு அவன் நோட்டு, எனக்கு என் நோட்டு, ஒருத்தர் நோட்டை ஒருத்தர் பார்ப்பதில்லை. அவன் நோட்டை மூடிவிட்டான். நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன டாடி எழுதுறீங்க?"

"0.6."

"ஸ்டார் எங்க இருக்கு?"

"மேகத்துக்குப் பின்னாடிதான்டா இருக்கு. எங்க போயிடும்? முந்தாநாள் 0.6, நாளன்னைக்கும் 0.6 தான்."

"நக்கோ டாடி, வேண்டாம். அதை அடிச்சிடுங்க."

"ஏய், முப்பத்தாறு வருஷம் பாலாநகர்ல ரேடார் டெஸ்ட் பண்ணின கண்ணு இது. இதுக்கு மேகம் ஒரு கொசுவலை!"

எப்போதும் சிரிப்பான். அன்று சிரிக்கவில்லை. "குரங்குக் கதை, காக்காய்க் கதை எல்லாம் கீழ ஹால்ல சொல்லுங்க. நானும் கேக்கறேன். இது ஒண்ணுல நக்கோ. மேகம்னா மேகம்னு எழுதுங்க" என்றான். நான் மறுபடி ஏதோ பெருமையாகச் சொன்னேன். "அப்ப இனிமே என் பேரை உங்க பேருக்குக் கீழ எழுதாதீங்க" என்றான். அதற்கு நான் சொன்னதை இதுவரை அத்தையிடமும் சொல்லவில்லை. "என் மாடி, என் சீட்டு. பிடிக்கலைன்னா இறங்கிப் போடா" என்றேன். இறங்கினான். அடுத்த மாதம் கொண்டாப்பூரில் ரூம் எடுத்தான்.

சண்டை என்று ஊருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவான். சாப்பிடுவான். என் கதைகளுக்குச் சிரிப்பான். போகும்போது அம்மாவுக்குத் தண்ணீர் கேன் தூக்கி வைத்துவிட்டுப் போவான். மாடிப்படியில் மட்டும் கால் வைக்கவில்லை. நானும் வாடா என்று கூப்பிடவில்லை. கூப்பிட ஒரு வார்த்தை போதும். எனக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று உனக்குத் தெரியும்.

அந்த ஜனவரிச் சீட்டு எழுதும்போது அவன் வரிசை பாதியில் நின்றது. ஒரு வாரத்தில் வந்துவிடுவான், வரும்போது இடைவெளி தெரியக் கூடாது என்று நானே நிரப்பினேன். பிறகு அடுத்த வாரம், அடுத்த மாதம். எழுதாதே என்று அவன் சொன்ன பெயரைத்தான் எழுதினேன். 2023 செப்டம்பரில் அவன் போன பிறகு எப்படி நிறுத்துவது? நிறுத்துகிற மாதம்தானே அவன் போன மாதமாகிவிடும்?

டிசம்பர்ச் சீட்டு அனுப்பவில்லை. கோடு போட்டுவிடு.

கிதியோன் மாமா


பாளையங்கோட்டை
1 பிப்ரவரி 2025

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவன் உங்கள் கதைகளை எனக்குச் சொல்லிச் சிரிக்காத ஃபோன் கிடையாது. இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. நீங்கள் இருவரும் சுகமாயிருங்கள், எனக்கு அது போதும்.

2022 ஜனவரி 9-க்குக் கீழே கோடு போட்டேன். ராகவேந்திராவிடம் எதையும் மறைக்கவில்லை. அவர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்பா மூன்று வருஷம் மகன் வரிசையைத் தானே எழுதியிருக்கிறார் என்றால், அதற்கு முந்தின ஒன்பது வருஷத்தை மகன்தான் எழுதினான் என்பதற்கு என்ன சாட்சி?"

பதிவேட்டில் இருப்பவை எல்லாம் உங்கள் சீட்டிலிருந்து நான் ஏற்றியவை. அவன் கைப்பட எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறதா? எல்லாப் பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் இல்லையென்றாலும் முழு வரிசையையும் நீக்கச் சொல்வார்கள். மாதக் கடைசி வரைக்கும்தான் நேரம்.

அந்த நோட்டைத் திறப்பது உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அபி


மாரெட்பள்ளி
13 பிப்ரவரி 2025

அன்புள்ள அபிகாயிலுக்கு,

நாங்கள் சுகம். ஜூடித் நடக்கும்போது விழுந்ததாக மாப்பிள்ளை ஃபோனில் சொன்னார். காயம் ஆறிவிட்டதா?

அவன் அலமாரியில் நோட்டுகள் இருந்தன. ஏழு, நீல அட்டை போட்டவை. நான் அவற்றை ஒரு நாளும் திறந்ததில்லை. அவன் இருந்தபோது வட்டத்து விதிக்காக. பிறகு வேறு காரணத்துக்காக. அத்தை சாவியை எடுத்துக் கொடுத்து வாசற்படியிலேயே நின்றாள்.

ஒன்பது வருஷமும் இருக்கிறது. தேதி, நேரம், ஒளியை ஒப்பிட வைத்துக்கொண்ட நட்சத்திரங்கள், எண். எல்லாம் அவன் கை. பத்தொன்பது வயதுக் கையெழுத்திலிருந்து முப்பதை நெருங்கிய கையெழுத்து வரைக்கும். யார் பார்த்தாலும் சாட்சி கேட்க மாட்டார்கள்.

நடுநடுவே சில தேதிகளில் எண் இல்லை. ஒரு கோடு, பக்கத்தில் "மேகம்" என்று பேனாவால் எழுதியிருக்கிறான். அதற்கும் பக்கத்தில், மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்து எழுதியிருப்பான் போல, சின்னதாகப் பென்சிலில்: "டாடி 0.5." இன்னொரு நாள்: "மேகம். டாடி 0.7." 2014-லேயே தொடங்கிவிட்டது. மாதக் கடைசியில் சீட்டு எழுதும்போது அந்த நாட்களில் அவன் கட்டம் காலியாக இருந்தால் ஆபீஸிலோ காலேஜிலோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அவன் மாடியில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். எட்டு வருஷம் தெரிந்துகொண்டே என்னிடம் ஒன்றும் கேட்காமல் சீட்டுக்குத் தன் எண்களைக் கொடுத்திருக்கிறான். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முதல் முறையாகக் கேட்டான்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கிழித்தால் அவன் வரிசை போய்விடும் என்று நீ எழுதியிருந்தாய். கிழிக்கவில்லை. பென்சிலையும் அழிக்கவில்லை. ஏழு நோட்டும் பதிவுத் தபாலில் வருகின்றன. ராகவேந்திரா எல்லாப் பக்கத்தையும் பார்க்கட்டும்.

அவன் "மேகம்" என்று எழுதிய தேதிகளில் என் எண் எதையும் நம்ப வேண்டாம், அடித்துவிடு. மற்றவை பார்த்து எழுதியவைதான், அவனும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். 2022 ஜனவரி 9-க்குப் பிறகு என் பக்கத்தில் யாரும் இல்லை. எது பார்த்து எழுதியது, எது பார்க்காமல் எழுதியது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஆகவே என் வரிசைக்குக் கீழேயும் அதே இடத்தில் கோடு போட்டுவிடு. இரண்டும் ஒரே நாளில் நிற்கட்டும்.

அப்படி "டாடி" என்று எழுதியது நாற்பத்தொரு இடம். நான் எண்ணி, அத்தையையும் எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்றுதான், அபி. கூட்டிச் சொல்லவில்லை.

கிதியோன்